தண்டையார்பேட்டையில் மூன்று மாதம்: ஒரு பாலியல் நலச் செயலியின் மதிப்புரை

பாலியல் நலத்தில் கைபேசியின் இடம் என்ன என்பதைச் சமூகவியல் மாணவியாக ஆராய்ந்து வரும் நான், தமிழிலும் இயங்கும் ஒரு செயலியைச் சென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். மாதவிடாய், கருத்தடை, பால்வினை நோய்கள் பற்றிய அதன் பக்கங்கள் தெளிவாகவும், படிப்பவரைக் கூச வைக்காத தமிழிலும் எழுதப்பட்டுள்ளன.

ஆனால் ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கோர் அறை என்ற நினைப்பிலேயே இதை உருவாக்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒற்றை அறை வீடுகளே மிகுதி. பெண்ணின் கைபேசியை அம்மாவும் தம்பியும் கேட்காமலே எடுப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில், பூட்டிய திரையின் மேலேயே "உங்கள் எச்.ஐ.வி. பரிசோதனை நாள் நெருங்குகிறது" என்று அறிவிப்பு வருகிறது. எனக்கு அது வந்தபோது கைபேசி அத்தையின் கையில் இருந்தது. ஆய்வுக்காக என்று நான் சொன்னதை அவர் நம்பினார். நான் பேட்டி கண்ட பெண்களுக்குச் சொல்வதற்கு அப்படியொரு காரணம் கிடையாது.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும். இந்தச் செய்தி செயலியில் இருக்கிறது. ஆனால் பெயர், எண், பிறந்த தேதி, தொடர்புப் பட்டியலைப் பார்க்கும் அனுமதி ஆகிய அனைத்தையும் கொடுத்த பிறகே கண்ணில் படுகிறது. பதறிப்போய் வருபவர் பாதியிலேயே மூடிவிடுவார். தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையில் தொற்று தெரிய 23 முதல் 90 நாள் வரை ஆகலாம் என்பதும் எங்கோ அடியில் கிடக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, எச்.ஐ.வி. பற்றிய அரசு உதவி எண்ணான 1097 என்ற இலவச எண்ணை அழைத்தேன். என் பெயரைக் கேட்காமலே, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும், அருகிலுள்ள அரசு நம்பிக்கை மையத்தைப் பற்றித் தமிழில் பொறுமையாகச் சொன்னார்கள். அங்கே பரிசோதனைக்குக் கட்டணமில்லை. ஒப்புதலின்றிச் சோதிப்பதையும், ஒருவரின் தொற்று நிலையை அனுமதியின்றி வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் பணியாற்றிய ஊர் சென்னை என்பதை அந்த நேரம் நினைத்துக்கொண்டேன்.

அறிவிப்புகளை நிறுத்தி, தொடர்புப் பட்டியலுக்கான அனுமதியையும் பின்னர் நீக்கிவிட்டு, படிப்பதற்கு மட்டும் இச்செயலியை வைத்துக்கொள்ளலாம். அவசர மருந்து பற்றிய பக்கத்தைப் பதிவு செய்யாமலே திறக்க வழி செய்யுமாறு உருவாக்கியவர்களுக்கு இருமுறை எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.