தனியுரிமைச் சட்டம்: இறுக்கமா, தளர்வா, நம்ம ஊர்க் கலவையா?

இணையத் தகவலுக்குச் சட்டக் கட்டுப்பாடே வேண்டாம் என்பவர்களை எடுத்த எடுப்பில் கம்பெனி ஆள் என்று திட்டிவிட முடியாது. கும்பகோணத்தில் குத்துவிளக்கு விற்கும் சின்னக் கடைக்காரர் ஆன்லைனில் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தால் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அவர் கைக்கு வந்துவிடும். ஒப்புதல் படிவம், பாதுகாப்பு ஏற்பாடு, வக்கீல் என்று பெரிய கம்பெனி அசால்ட்டாகச் செய்வதையெல்லாம் அவர் எங்கே போய்ச் செய்வார்? ஐரோப்பாவில் 2018 மே மாதம் ஜிடிபிஆர் என்ற தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு தளத்துக்குத் தளம் அனுமதி கேட்கும் குக்கீ பெட்டி முளைத்ததையும், அதை யாரும் படிக்காமலே 'சரி' அழுத்துவதையும் இவர்கள் காட்டுவார்கள். உண்மைதான்.

சரி, தளர்த்திவிட்டால்? அமெரிக்காவைப் பாருங்கள். நாம் எந்தத் தளம் பார்த்தோம் என்ற விவரத்தை விற்குமுன் இணைய இணைப்பு தரும் கம்பெனி நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று 2016-ல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதி போட்டது. முழுதாக அமலுக்கு வருமுன்பே, 2017-ல், அந்நாட்டு நாடாளுமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள் என்கிறார்கள். நம் கடைமடைக் கிராமங்களில் எந்த சிம்முக்கு டவர் கிடைக்கிறதோ அதுதான் கம்பெனி, இதில் எங்கே மாறுவது! ஐரோப்பாவிலோ ஜிடிபிஆரை மீறியதற்காக 2023-ல் ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனி மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம் விழுந்தது. அந்தப் பயம் வேலை செய்யும்.

நம் சட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள், 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும், தகவல் பறிபோனவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது. மத்திய அரசு நினைத்தால் தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ளலாம், விசாரிக்கும் வாரியத்தையும் அதுவே நியமிக்கும்.

எனக்கு உறுத்துவது இந்தச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) கைவைத்த இடம்தான். கொள்முதல் நிலையத்தில் விவசாயி பெயரில் வியாபாரி நெல் போடுகிறார் என்று டெல்டாவில் வருஷா வருஷம் புகார் எழும். யார் பெயரில் எத்தனை மூட்டை போனது என்று மனு போட்டுக் கேட்டால், இனி 'அது தனிநபர் தகவல்' என்று ஒரே வரியில் பதில் வரலாம். தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் கொடுக்கும் ஆர்டிஐ 8(1)(ஜே) பிரிவிலேயே முன்பு இருந்த பொதுநலன் விதிவிலக்கை எடுத்துவிட்டார்கள். பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்கிற 8(2)-ஐப் பிடித்துக்கொண்டு வாதாடலாம், ஆனால் அதற்கு மேல்முறையீடு என்று அலைய வேண்டும்.

ஆக, சட்டம் வேண்டும் என்ற பக்கம்தான் நான். ஆனால் இப்போதிருப்பது கடைக்காரருக்கு இறுக்கம், அரசுக்குத் தாராளம். 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது ஆர்டிஐ திருத்தம் உடனே அமலானது. கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகளுக்கு மட்டும் 18 மாத அவகாசம். அதுவரை, ஏற்கிற இடங்களிலாவது கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சிட்டா, பாஸ்புக் படங்களை, பிரிண்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று அழிக்கச் சொல்லுங்கள்.