காந்தம் ஒட்டாவிட்டால் 316 ஆகிவிடாது: படகுக்கு எஸ்எஸ் சாமான் செய்யக் கொடுப்போர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் படகுக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சாமான் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் முற்பணம் கட்டும் முன் இதை வாசியுங்கள். நகருக்குள் கேற்றும் கிறிலும் செய்யும் ஒரு வெல்டிங் பட்டறையில், கடலுக்கு ஏற்ற 316 தர எஸ்எஸ்ஸுக்கு என்று காசு கொடுத்தேன். வந்தது வேறு சாமான். வேலையும் நான் கேட்ட வேலை இல்லை. பண்ணைக்கும் மண்டைதீவுக்கும் இடையில் பாய்மரம் சரிந்து, பாயோடு தண்ணீருக்குள் போனது. முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் எழுதுகிறேன். அது எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடிய விதம்.

என்னுடையது 16 அடி பைபர் படகு. 2022 ஓகஸ்டில் எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்கு ஏறியதே, அப்போது பிடித்த யோசனைதான் பாய் கட்டுவது. பாய்க்கப்பல் எங்களுக்குப் புதினமும் இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாயிலே போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு ஒரு பட்டறையில் போய்ப் பாய்மரத்துக்குச் சாமான் வேண்டும் என்று கேட்டால் ஆளை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அது வேறு கதை.

வெளிநாட்டுச் சாமானை இறக்கினால் படகின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். ஆகவே படம் கீறி உள்ளூரில் செய்விக்கலாம் என்று இருந்தேன். கேட்டது பெரிய வேலை இல்லை. மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பக்கவயர்களைப் படகின் விளிம்போடு பிடிக்கும் பட்டை இரண்டு, அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) முன்வயருக்கு ஒன்று, அலுமினியக் குழாய் மரத்தின் உச்சிக்கு வயர் மாட்டும் தொப்பி ஒன்று. பட்டைகள் 40 மில்லிமீற்றர் அகலம், 4 மில்லிமீற்றர் தடிப்பு, 316 தரம். ஒரே துண்டை வளைத்துச் செய்ய வேண்டும், வளைவில் வெல்டிங் கூடாது என்று படத்திலேயே எழுதி, பிளைவுட்டில் அச்சும் வெட்டிக் கொடுத்தேன்.

அந்த வளைவில் நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்றால், சிறிய படகு என்றாலும் பட்டையில் ஏறும் இழுவை சிறியது இல்லை. பாயைக் காற்று 40 கிலோ பலத்தோடு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலம் மரத்தின் அடியிலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில் விழுகிறது. வயர் மரத்திலிருந்து விலகி நிற்பதோ வெறும் 70 சென்ரிமீற்றர். கணக்குப் போட்டால் காற்றுப் பக்க வயரில் 110 கிலோவுக்கு மேல் வரும். அலையில் படகு குலுங்கும்போது அது வெட்டி வெட்டி இழுக்கும். முழுவதையும் தாங்குவது அந்த ஒரு வளைவு.

தகட்டைக் காட்டும்போது பட்டறைக்காரர் மேசை லாச்சியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். “அண்ணை, வடிவாப் பாருங்கோ, ஒட்டேல்ல. இது 316 தான்.” விலையும் 316க்கு உரிய விலை.

இந்தக் காந்த வித்தையை நம்பாதீர்கள். 316, 304, மலிவான 201, 202 எல்லாமே ஒரே குடும்பம். புதுத் தகடாக இருக்கும்போது எதிலும் காந்தம் பெரிதாக ஒட்டாது. 304இல் ஏறக்குறைய 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்கும். 316இல் அதோடு 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேரும். உப்புத் தண்ணீர் புள்ளி புள்ளியாக அரிப்பதைத் தடுப்பது இந்த மொலிப்டினம்தான். 201, 202இல் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மங்கனீசைப் போட்டிருப்பார்கள். வீட்டுக் கைப்பிடிக்கு அது போதும், கடலுக்கு ஆகாது. இன்னொரு கூத்து, நல்ல 304ஐ வளைத்தாலோ துளைத்தாலோ அந்த இடத்தில் காந்தம் கொஞ்சம் ஒட்டத் தொடங்கும். காந்தத்தை வைத்துத் தெரிவு செய்தால் நல்லதை ஒதுக்கிக் கெட்டதை வாங்கவும் இடமுண்டு.

சாமான் கைக்கு வந்தபோது கண்ணாடி மாதிரி மினுங்கியது. பில் துண்டில் “எஸ்எஸ் வேலை” என்றும் மொத்தத் தொகையும் மட்டும் இருந்தன. தரத்தை எழுதச் சொன்னேன். “பிறகு எழுதித் தாறன் அண்ணை” என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை.

சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கியிருந்த காலம். மருமகனும் நானும் மண்டைதீவுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம். பெரிய காற்றுக் கூட இல்லை. காற்றுப் பக்கத்துப் பட்டை வளைவில் தெறித்தது. “மாமா, குனியுங்கோ!” என்று அவன் கத்தியதுதான் கேட்டது. மரம் மற்றப் பக்கம் சரிந்து விழுந்தது. இடுப்பளவு தண்ணீர் என்றபடியால் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தோம். நெடுந்தீவுப் பக்கம் ஓடும்போது நடந்திருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

முறிந்த முகத்தைப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. பட்டை வளைத்ததே இல்லை. இரண்டு துண்டை மூலையில் பொருத்தி வெல்ட் பிடித்து, கிறைண்டர் போட்டு மட்டமாக்கி, பஃப் அடித்து மினுக்கியிருக்கிறார்கள். வெல்ட் வெளி ஓரங்களில் மட்டும் பிடித்திருந்தது. நடுவில் இரண்டு துண்டும் ஒட்டவேயில்லை, மங்கலான பழைய மேற்பரப்பு அப்படியே தெரிந்தது. கிறைண்டர் ஓரத்தை வேறு மெல்லியதாக்கிவிட்டது. வெல்ட் கோட்டில் கறள். சாதாரண இரும்பு வெல்டிங் கூரால் ஒட்டினாலும், இரும்பு வெட்டிய கிறைண்டர் கல்லையே எஸ்எஸ்ஸிலும் போட்டாலும் இப்படிக் கறள் வரும். இரும்புத் தூள் மேற்பரப்பில் பதிந்து அங்கிருந்து தொடங்கும்.

மற்றப் பட்டையையும் அணியத்துப் பட்டையையும் கழற்றினேன். இரண்டும் அதே கதை. உலோக வேலை தெரிந்த நண்பர் மொலிப்டினம் சோதிக்கும் துளி வைத்திருந்தார். இருந்தால் நிறம் மாற வேண்டும். மூன்று பட்டையிலும் மாறவில்லை. தொப்பியிலும் மாறவில்லை. ஏ4 என்று விற்ற போல்ட்டுகளின் தலையில் ஏ2 என்று அடித்திருந்தது. ஏ2 என்றால் 304, ஏ4 என்றால் 316. இதற்குச் சோதனையும் தேவையில்லை, தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஒன்றும் அடிக்காத தலை என்றால் வாங்கவே வேண்டாம்.

வயர் நுனிகளையும் அவர்களே கட்டித் தந்திருந்தார்கள். மடித்த நுனியை வயரோடு பிடிக்க ஒரேயொரு கிளிப், அதுவும் தலைகீழாக. கிளிப்பின் வளைந்த கம்பி நுனிப் பக்க வயரைத்தான் கடிக்க வேண்டும், இழுவை ஏறும் வயரில் தட்டையான அடிக்கட்டை இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் வயரையே நசுக்கும். நல்ல காலம், வயருக்கு முன் பட்டை போய்விட்டது.

முறிந்த துண்டோடு பட்டறைக்குப் போனேன். “கடல் தண்ணி பட்டா எந்த இரும்பும் கறள் பிடிக்கும்தானே அண்ணை” என்றார். “முறிஞ்சது கறளால இல்லைத் தம்பி, உள்ளுக்க ஒட்டாததால” என்று நடு முகத்தைக் காட்டினேன். “எத்தினை கோயிலுக்கு எஸ்எஸ் கேற் செய்து குடுத்திருக்கிறம், ஒருதரும் ஒண்டும் சொல்லேல்ல” என்றார். கோயில் கேற்றைச் சோளகம் இழுப்பதில்லை. கடைசியில், “சரி, திரும்ப ஒட்டித் தாறன், காசு வேண்டாம்” என்றார். அதே துண்டை, அதே கூரால். காசைத் திருப்பிக் கேட்டேன். முதலாளி ஊரில் இல்லை என்ற பதில் வந்தது. அதற்கு முன்பு வரை அவர்தான் முதலாளி.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் முறையிட்டிருக்கிறேன். முறிந்த பட்டை, என் படம், பில் துண்டு எல்லாம் கையில் இருக்கின்றன. வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தரத்தையும் தடிப்பையும் அதில் எழுதித் தந்த பிறகே முற்பணம் என்று சொல்லுங்கள். எழுத மறுக்கும் இடத்தில் வேலை கொடுக்காதீர்கள்.

இப்போது பட்டைகளை நானே செய்துவிட்டேன். தரம் அச்சடித்த தட்டைக் கம்பி வாங்கி, வைஸில் பிடித்து, ஒரு குழாய்த் துண்டின் மேல் குளிராகவே மெல்ல வளைத்தேன். கூர் மூலையாக வளைத்தால் வெளிப்பக்கம் வெடிக்கும், ஆகவே உள்வளைவுக்குத் தகட்டுத் தடிப்பின் இரண்டு மடங்கு ஆரை கொடுத்தேன். துளைக்கும்போது வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அழுத்திப் பிடிக்க வேண்டும். துளைகம்பி வெட்டாமல் தேய்ந்தால் அந்த இடம் இறுகிப் பிறகு எதுவும் இறங்காது. அலுமினிய மரத்தோடு எஸ்எஸ் தொடும் இடங்களில் பிளாஸ்டிக் வாசர் போட்டேன், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். திருகி வயரை இறுக்கும் டேர்ன்பக்கிளை விட்டுவிட்டு வயரையும் பட்டையையும் கயிற்றால் பல சுற்றுச் சுற்றி இறுக்கியிருக்கிறேன். கப்பிகள் பூவரசில் கடைந்தவை. மினுக்கம் இல்லை, பிடிக்கிறது.

உங்கள் படகில் உள்ளூரில் செய்த எஸ்எஸ் பட்டை இருந்தால் வளைவைப் போய்ப் பாருங்கள். உண்மையாக வளைத்ததில் வெளி மூலை உருண்டிருக்கும், உள்பக்க ஓரம் இலேசாகப் பிதுங்கியிருக்கும். மூலை கத்தி மாதிரிக் கூராக இருந்தாலோ, பின்பக்கத்தில் நீலமோ வைக்கோல் நிறமோ படிந்திருந்தாலோ, குறுக்கே மெல்லிய கறள் கோடு ஓடினாலோ பாயை ஏற்ற வேண்டாம். கழற்றினால் எறியாமல் வையுங்கள். பில் துண்டோடும் திகதியோடும் படம் எடுத்து எனக்கு அனுப்பினால், அதே பட்டறை வேலை என்றால், என் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.