925 என்று சொல்லி விற்ற கம்பி, உள்ளே செம்பு

கோவை டவுன்ஹால் பக்கம் நகை செய்யும் சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயர் போடவில்லை.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலேயே சுடுமண் ஜிமிக்கி செய்து விற்கிறேன். மணி, குடை மட்டுமல்ல, காதுக் கொக்கியும் இணைப்பு வளையமும்கூடக் கம்பி வாங்கி நானே வளைப்பதுதான். ரெடிமேட் கொக்கிகள் பலவற்றில் நிக்கல் இருக்கும், சிலர் காதுக்கு ஆகாது, அரித்துப் புண்ணாகிவிடும். ஜெர்மன் சில்வரும் அதே கதைதான்: செம்பு, நிக்கல், துத்தநாகம், பேரில் தவிர வெள்ளி கிடையாது. அதனால்தான் காசு கூடப் போனாலும் 925 வெள்ளிக் கம்பி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி.

ஓணத்துக்கு செட்டுமுண்டோடு போட ஆர்டர் குவிந்த நேரம். வழக்கமான கடையில் ஸ்டாக் இல்லை, வேறு கடைக்குப் போனேன். "தொள்ளாயிரத்து இருபத்தஞ்சுங்க அம்மணி, கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார். வெள்ளி விலையேதான் வாங்கினார்.

ஓணம் முடிந்து சித்தூர் சேச்சி ஒருவர் கம்மலோடு வந்து நின்றார். காதுத் துளையைச் சுற்றிப் பச்சை. வெள்ளி கறுக்கும், அது சகஜம், இது அதல்ல. மிச்சமிருந்த கம்பியை எடுத்து அரத்தால் நாலு இழுப்பு இழுத்தேன். பளபளப்புக்கு அடியில் சிவப்பாகச் செம்பு எட்டிப் பார்த்தது.

டச், அதாவது வெள்ளியின் சுத்தம் பார்க்கும் இடத்துக்கும் கொண்டு போனேன். அப்படியே மெஷினில் வைத்தால் வெள்ளிதான் அதிகம் என்று காட்டுகிறது! மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும், தேய்த்துவிட்டு வையுங்கள் என்றார் அங்கிருந்த அண்ணன். தேய்த்து வைத்ததும் குட்டு உடைந்தது. காந்தம் வைத்துப் பார்ப்பதும் வீண், செம்பும் ஒட்டாது.

கடைக்காரர் அசரவே இல்லை. "வெள்ளி கலர்னுதானுங்க சொன்னேன், பில்லைப் பாருங்க" என்றார். பில்லில் 'ஃபேன்சி ஒயர்' என்று இருந்தது. திட்டம் போட்டே எழுதியிருக்கிறார், வேறென்ன. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன், தமிழிலேயே பேசலாம். ஆனால் பில்லில் '925 வெள்ளி' என்று எழுதி வாங்கினால்தான் பிடி இருக்கும். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடை.

வாங்கும் முன் எடையையும் பாருங்கள். 0.8 மில்லிமீட்டர் கம்பி 2 மீட்டர், 925 என்றால் 10 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும். செம்பு 9 கிராம்தான் வரும். கம்பி தடிமன் சரியாக இருக்கிறதா என்பதையும் அளந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் கணக்கு உதைக்கும்.

ஓணத்துக்கு என்னிடம் வாங்கியவர்கள் கம்மலைக் கொண்டு வாருங்கள், கொக்கியும் வளையமும் மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம். மண் குடையில் பழுது ஒன்றுமில்லை.