ஆழ்கடல் உயிரடுக்கை ஒலியால் அளக்க: கப்பல் அடியிலா, கடல் தரையிலா, கேபிள் நுனியிலா?

பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் கிடந்து, பொழுது சாய்ந்ததும் மேலேறும் சிறுமீன், கிரில் (இறால் போன்ற சிற்றுயிர்), சைஃபனோஃபோர் (ஜெல்லிமீனுக்கு உறவான உயிர்) கூட்டம்தான் ஒலியைச் சிதறடிக்கும் ஆழ்சிதறல் அடுக்கு. இதைப் பார்க்க நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: கப்பலின் அடியில் பொருத்திய எக்கோசவுண்டர் (ஒலி அனுப்பி எதிரொலியை அளக்கும் கருவி), தரையில் வைத்து மேல்நோக்கிப் பார்க்கும் எக்கோசவுண்டர், கேபிளில் இறக்கும் கருவி, ஒலியால் நீரோட்டம் அளக்கும் ஏ.டி.சி.பி.

எதை எடுத்தாலும் அதிர்வெண்தான் எல்லையைத் தீர்மானிக்கிறது. 38 கிலோஹெர்ட்ஸ் ஒலி கடல்நீரில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டெசிபல் இழக்கும்; நல்ல கப்பலில் 1000 மீட்டர் வரை எட்டும். 120 கிலோஹெர்ட்ஸுக்கு இழப்பு மூன்று நான்கு மடங்கு. 250 மீட்டர் தாண்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். ஆனால் காற்றுப்பை இல்லாத கிரில் 38-ல் மங்கலாகவும் 120-ல் பளிச்சென்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து ஓட்டி, வித்தியாசத்தை வைத்துக் கிரிலைப் பிரிப்பது பழகிய முறை. அடுக்கு 400 மீட்டரில் இருந்தால் கப்பலில் இருந்தபடி இந்த வித்தை பலிக்காது.

கப்பல் எக்கோசவுண்டரின் பலம் பரப்பு: ஓடிக்கொண்டே நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை அளக்கலாம். பலவீனங்கள் பல. 7 டிகிரிக் கற்றை 1000 மீட்டரில் 120 மீட்டருக்கு மேல் விரிந்துவிடும். தனி மீனைப் பிரிக்க முடியாது. மேற்பரப்பின் முதல் பத்துப் பதினைந்து மீட்டர் தெரியாததால், இரவில் மேலே வந்த கூட்டத்தில் ஒரு பங்கு கணக்கில் விழாது. கடல் கொந்தளித்தால் அடிப்பாகத்துக் குமிழிகள் எதிரொலியை விழுங்கும்.

அதிகம் ஏமாற்றுவது பொய் அடுக்கு. ஆழம் 3000 மீட்டர் என்றால் தரையின் எதிரொலி திரும்ப 4 நொடி ஆகும். 1.5 நொடிக்கு ஒரு பிங் (ஒலித்துடிப்பு) விட்டால், அந்த எதிரொலி அதற்கு இரண்டு பிங் தள்ளி, 750 மீட்டரில் ஓர் அடுக்கு போலத் தெரியும். இடைவெளியை 1.7 நொடியாக்கிப் பாருங்கள்: பொய் அடுக்கு இடம் மாறும், நிஜ அடுக்கு அசையாது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒத்திசைவு. 300 மீட்டர் ஆழத்தில் சுமார் அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள வாயுக்குமிழி 38 கிலோஹெர்ட்ஸில் ஒத்திசையும், அதாவது அந்த ஒலிக்குத் தானும் பலமாக அதிரும். அந்த அளவுக் குமிழி சின்ன மீன் குஞ்சிலும் சைஃபனோஃபோரிலும் உண்டு. சிலவே இருந்தாலும் பெருங்கூட்டம் போல எதிரொலிக்கும். மேலேறும்போது அழுத்தம் குறைந்து ஒத்திசைவும் மாறும். ஆகவே இரவில் எதிரொலி மாறியதை எண்ணிக்கை மாறியதாகப் படிக்கக் கூடாது. கப்பலின் 38-ஐ மட்டும் வைத்து டன் கணக்குச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

இங்கேதான் கேபிளில் இறக்கும் கருவி முந்துகிறது. அடுக்குக்குள்ளேயே போய் 20, 30 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதால் 120, 200 கிலோஹெர்ட்ஸும் பயன்படும். தனித்தனி எதிரொலியை அளக்கலாம். பல அதிர்வெண்களைச் சேர்த்து அனுப்பும் அகலப்பட்டைத் துடிப்பில் 80 கிலோஹெர்ட்ஸ் பட்டை கிடைத்தால், அடுத்தடுத்த இரண்டைப் பிரித்துக் காட்டும் பிரிதிறன் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வரும். இதற்குக் கொடுக்கும் விலை: கப்பல் நிற்க வேண்டும், ஒரு புள்ளிதான் கிடைக்கும். அழுத்தத்தில் டிரான்ஸ்டியூசரின் (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) உணர்திறன் மாறுவதால், 38.1 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கார்பைடு குண்டைக் கீழே தொங்கவிட்டு, வேலை செய்யும் ஆழத்திலேயே அளவுதிருத்தம் செய்ய வேண்டும். மேற்பரப்பில் எடுத்த திருத்தம் செல்லாது.

ஏற்ற இறக்கத்தின் நேரம்தான் கேள்வி என்றால் தரையில் வைப்பதே சரி. கப்பலின் இரைச்சலும் விளக்கும் இல்லாமல் மாதக்கணக்கில் பதியும். பேட்டரிக்காகக் கால் மணிக்கு இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டினாலும் அந்தியின் ஏற்றம் தெளிவாகப் பதியும். சாய்வுமானியின் பதிவைக் கட்டாயம் சேமியுங்கள். நீரோட்டத்தில் கருவி சாய்ந்தால் ஆழக்கணக்கு தப்பும்.

ஏ.டி.சி.பி. ஏற்கெனவே கடலில் இருந்தால் அதன் எதிரொலி வலிமை இலவசத் தகவல். எப்போது ஏறியது, எவ்வளவு வேகத்தில் என்பதற்குப் போதும். 20 டிகிரி சாய்ந்த கற்றைகள் என்றால் மேற்பரப்பை ஒட்டிய 6 சதவீதம் கெட்டுப்போகும். உயிர்த்திரளை (மொத்த உயிர் எடையை) கணக்கிட அது உதவாது.

கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் கப்பலின் 38. இரண்டாவதாக இன்னோர் அதிர்வெண்ணைக் கப்பலில் சேர்ப்பதைவிட இறக்கும் கருவியை வாங்குவேன். அதோடு, ஆழம் பிரித்துத் திறந்து மூடும் வலை ஒன்றும் வேண்டும். விளக்குமீன்கள் (ஒளி உமிழும் சிறுமீன்கள்) வலையைக் கண்டு விலகும், சைஃபனோஃபோர் வலையில் சிதைந்துபோகும். எனவே வலையில் வராததை அடுக்கில் இல்லை என்று எழுதிவிட வேண்டாம்.