கருப்பையில் புத்தர்: ஒரு காணொளிப் பாடத்தொடர் பற்றி

இடைக்கால ஜப்பானின் தாந்திரிக பௌத்தம் கருவளர்ச்சியை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதைப் பேசும் இந்த ஆறு பகுதிப் பாடத்தை ஓர் இணையக் கல்வித் தளத்தில் பணம் கட்டிப் பார்த்தேன். முதல் மூன்று பகுதிகளுக்கே அந்தப் பணம் தகும்.

கலலம், அற்புதம், பேசி, கனம், பிரசாகை என்று வாரத்துக்கு ஒன்றாக எண்ணப்படும் கருவின் முதல் ஐந்து நிலைகளை ஆசிரியர் இந்திய மூலங்களிலிருந்தே விளக்கத் தொடங்குகிறார். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இ-ஜிங் என்ற சீனத் துறவி சீனத்தில் பெயர்த்த கர்ப்பாவகிராந்தி சூத்திரம் 38 வாரக் கருவாசத்தை இருளும் நாற்றமும் சூழ்ந்த துன்பமாகவே வருணிக்கிறது. பிறவியில் வெறுப்பு உண்டாக்குவதே அதன் நோக்கம். (போற்றித் திருஅகவலில் மாணிக்கவாசகர் மாதந்தோறும் கருவுக்கு நேரும் இடர்களை அடுக்குவதை அறிந்தவர்களுக்கு இந்தத் தொனி புதிதன்று.)

ஜப்பானியத் தாந்திரிக பௌத்தப் பிரிவான ஷிங்கோனின் துறவிகள் அதே ஐந்து நிலைகளுக்கு நேர்மாறான பொருள் கொண்டார்கள் என்பதுதான் பாடத்தின் உயிர்நாடி. இந்த உடலோடேயே புத்தராகலாம் என்று அப்பிரிவை நிறுவிய கூக்காய் (774–835) போதித்த பிறகு, அந்த உடல் உருவாகும் இடத்தை இழித்துப் பேசுவது எளிதன்று. ஆகவே தாயின் செந்துளியும் தந்தையின் வெண்துளியும் முறையே கர்ப்பதாது (கருப்பை உலகு), வஜ்ரதாது (வைர உலகு) ஆகிய இரு மண்டலங்களோடு, அதாவது புத்தர்களின் உலகைக் காட்டும் புனித வரைபடங்களோடு, பொருத்தப்பட்டன. ஐந்து நிலைகள் ஐம்பூதங்களோடும் ஐந்து புத்தர்களோடும் இணைக்கப்பட்டன. ஐம்பூதங்களைக் குறிக்கும் சதுரம், வட்டம், முக்கோணம், பிறை, மணி என அடுக்கிய கல் ஸ்தூபியிலேயே வளரும் கருவைக் கண்டார்கள். மூன்றாம் பகுதியில் இப்பொருத்தங்களைப் படங்களோடு ஒவ்வொன்றாகக் காட்டும் பொறுமை பாராட்டுக்குரியது.

நான்காம் பகுதி ஏமாற்றமளித்தது. 1268இல் ஷின்ஜோ என்ற துறவி கண்டித்து எழுதிய, மண்டையோட்டை வழிபடும் சடங்கை ஆசிரியர் ஷிங்கோனின் ஒரு கிளையான தாச்சிகாவா மரபின்மேல் ஏற்றிப் பரபரப்பாகச் சொல்கிறார். ஷின்ஜோ அந்தச் சடங்கைத் தாச்சிகாவாவுடையது என்று சொல்லவில்லை. 1375இல் யூக்காய் என்ற ஷிங்கோன் துறவி அம்மரபை வசைபாடியதற்குப் பிறகு வலுப்பெற்ற குழப்பத்தையே பாடமும் சுமக்கிறது.

ஐந்தாம் பகுதி முன்னவற்றின் சுருக்கம் மட்டுமே. ஜப்பானின் ஹகுரோ மலைக்குள் இலையுதிர்காலத்தில் மலைத் துறவிகள் கருவாக நுழைந்து, குழந்தையின் முதல் அழுகுரலோடு வெளிவரும் சடங்கைக் காட்டும் ஆறாம் பகுதியோ இன்னும் நீளாதா என்று ஏங்க வைத்தது. தமிழ் வசன வரிகளில் 'அற்புத நிலை' என்பது விளக்கமின்றி வருவதால் பலர் அதை அதிசயம் என்றே எண்ணுவார்கள். இங்கே அதற்குப் பொருள் வீக்கம்.