சத்துவாச்சாரி தடுப்பூசி கிளினிக்: டாக்டருக்கு முழு மார்க், ரிசப்ஷனுக்குப் பாதிதான்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான தடுப்பூசி போட வேலூரில் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சத்துவாச்சாரியில் ஒரு சின்ன தனியார் கிளினிக்கில் என் மகளுக்கு முதல் டோஸ் போட்டாயிற்று, வயது 13. குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்பிவி என்றதுமே ரிசப்ஷனில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தி, "ஓ, அந்த லேடீஸ் ஊசியா அக்கா?" என்றார். சுவரில் இருந்த போஸ்டரிலும் பூ பார்டருக்குள் 'பெண் குழந்தைகளின் பாதுகாப்புக்கு' என்பதோடு சரி, எந்தக் கிருமி, எப்படிப் பரவும் என்று ஒரு வரி கிடையாது. உடலுறவில் பரவும் வைரஸ் என்று எழுதினால் பெற்றவர்கள் எழுந்து போய்விடுவார்களாம். எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கூச்சம்? 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளை இதே வேலூர் சிஎம்சியில் சோதித்த பிறகுதான் இந்தியாவில் எச்ஐவி இருப்பதே வெளியில் தெரிந்தது.

டாக்டர் அம்மா அப்படியே நேர் எதிர். பிள்ளையை வெளியே அனுப்பாமல் அவளையும் உட்கார வைத்தே பேசினார். இந்த வைரஸ் ரத்தத்துக்குள் வராமல் தோலின் மேலடுக்கிலேயே பதுங்கிக்கொள்ளும், செல்களை வெடிக்க வைத்துக் கலாட்டா பண்ணாது, அதனால் நம் எதிர்ப்பு சக்திக்கு அது வந்திருப்பதே சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் உருவாகும் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், கொஞ்சம்தான் என்றார். ஊசியில் இருப்பது வைரஸின் வெளி ஓடு மட்டும், உள்ளே பருப்பில்லாத வேர்க்கடலை மாதிரி. மரபணு இல்லாததால் நோய் தர முடியாது, ஆனால் தசையில் போனதும் நிணநீர்க் கணுக்கள் உடனே விழித்துக்கொண்டு, நோய் வந்து போனவர்களுக்குக் கிடைப்பதைவிட எத்தனையோ மடங்கு ஆன்டிபாடி தயாராகிவிடுகிறது. 1991இல் ஆஸ்திரேலியாவில் இயான் ஃப்ரேசரும் ஜியான் சோவும் சேர்ந்து ஆய்வகத்தில் இந்த ஓட்டை உருவாக்கியதில் தொடங்கிய கதை இது, 2006இல்தான் ஊசியாகக் கைக்கு வந்தது.

கூட வந்திருந்த எங்கள் அத்தை சும்மா இருப்பாரா, "சின்னப் பிள்ளைக்கு இப்பவே எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டார். வைரஸ் வருவதற்கு முன்னால் போட்டால்தான் பலன், அதோடு 9 முதல் 14 வயதுக்குள் உடம்பு நன்றாகப் பதில் கொடுப்பதால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸே போதும் என்றதும் அத்தை தலையாட்டினார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் காரணம், இரண்டையும் இந்த ஊசி தடுக்கிறது. ஆனாலும் 30 வயதுக்கு மேல் பரிசோதனையை விடக்கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அது எனக்குத்தான்.

உடலுறவில் பரவும் வெட்டை நோய்க்கும் (கொனோரியா) இப்படி ஒரு ஊசி இல்லையா என்று கேட்டு வைத்தேன். அது ஒருமுறை வந்து போனாலும் எதிர்ப்பு சக்தி நிற்காது, திரும்பத் திரும்ப வரும், அதனால் ஊசி தயாரிப்பதும் கஷ்டம் என்றார். நியூசிலாந்தில் மூளைக்காய்ச்சலுக்குப் போட்ட ஒரு ஊசி வெட்டை நோயையும் சுமார் 31 சதவீதம் குறைத்ததாக 2017இல் வந்த ஆய்வைச் சொன்னார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியைத்தான் இங்கிலாந்தில் 2025 முதல் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குப் போடுகிறார்களாம். அதே வழியில் பரவும் சிஃபிலிஸ், கிளமிடியா இரண்டுக்கும் இன்னும் ஊசி ஒன்றும் இல்லை. ஹெபடைடிஸ் பி ஊசி குழந்தையிலேயே போட்டாகிவிட்டது, அதுவும் உடலுறவில் பரவக்கூடியதுதான், அதற்கு மட்டும் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை பாருங்கள்.

நாங்கள் போட்டது பூனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக். ஒன்பது வகைகளைத் தடுக்கும் வெளிநாட்டு ஊசியும் வைத்திருக்கிறார்கள், விலையைக் கேட்டதும் அத்தை என் கையைக் கிள்ளினார். மருந்துக் குப்பியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து காலாவதி தேதியைக் காட்டிவிட்டு, குலுக்கி, பிறகுதான் போட்டார்கள். இந்த வயதில் சிலருக்கு மயக்கம் வரும் என்று கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள், அதை மட்டும் அவசரத்தில் தவிர்க்காதீர்கள். கை ஒரு நாள் வலித்தது, வேறொன்றும் இல்லை.

2025 தமிழக பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இதைப் படிப்படியாகப் போட 36 கோடி அறிவித்திருந்தார்கள், அதனால் காசு கட்டுவதற்கு முன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பையன்களுக்கும் செர்வாவாக் போடலாம். 'லேடீஸ் ஊசி' என்று ரிசப்ஷனிலேயே முடித்துவிடுவதால் யாரும் கேட்பதில்லை, நீங்கள் டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். வருவதற்கு முன் போன் பண்ணி ஸ்டாக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது, சாயங்காலம் கூட்டம் அதிகம், வண்டி நிறுத்த இடமில்லை.