1,500 பொட்டுகள், அதே 6/12

சர்க்கரையால் கெட்ட விழித்திரைக்காகக் கண்ணில் லேசர் வைத்துக்கொண்டதைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "பார்வை திரும்பிவிட்டதா?" என்பதுதான். இல்லை. வலக்கண்ணில் லேசர் வைப்பதற்கு முன் பார்வை 6/12, அதாவது நல்ல கண் 12 மீட்டரில் படிக்கிற எழுத்தை நான் 6 மீட்டரில் நின்றுதான் படிக்க முடியும். பதினெட்டு மாதம் கழித்துப் போன வாரம் பார்த்தபோதும் 6/12. இந்தச் சிகிச்சையில் அதற்குப் பெயர்தான் வெற்றி என்பது எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆயிற்று.

தேனியில் தையல் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை வந்து பதினாறு வருடம். ஒருநாள் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது கண்முன் நூல் பிசிறு ஒன்று மிதந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் காட்டினால், அது பிசிறு அல்ல, ரத்தம் என்றார்கள். சர்க்கரையால் நல்ல ரத்தக்குழாய்கள் அடைபட, பிராணவாயு கிடைக்காத விழித்திரை அவசரத்துக்குப் புதுக் குழாய்களை முளைக்கவைக்கிறது. அவை நோஞ்சான்கள், எளிதில் கசிந்துவிடும். அதனால் விழித்திரையின் ஓரங்களை லேசரால் பொட்டுப் பொட்டாகச் சுடுகிறார்கள். ஓரத்தின் பசி அடங்கினால் புதுக் குழாய்கள் வாடிப்போகும். பாலியெஸ்டர் துணி பிரியாமலிருக்க ஓரத்தை மெழுகுவர்த்தியில் காட்டுவோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. இப்படிச் சுட்ட கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதியாகவாவது குறைகிறது என்று 1976லேயே அமெரிக்க ஆய்வொன்று காட்டிவிட்டதாக மருத்துவர் சொன்னார். அதைக் கேட்டுத்தான் தலையாட்டினேன்.

இரண்டு தடவையாக 1,500 பொட்டுகள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, பிசுபிசுப்பான களிம்போடு ஒரு லென்ஸைக் கண்மேல் வைத்து அழுத்துவார்கள். அப்புறம் பச்சை மின்னல்தான். முதல் தடவை வலியே இல்லை. இரண்டாம் தடவை பக்கவாட்டில் சுட்டபோது, மண்டைக்குள் பல்வலி வந்ததுபோல் தெறித்தது. சொன்னதும் நிறுத்தி, சூட்டைக் குறைத்துத் தொடர்ந்தார். அந்தப் பொறுமைக்கு முழு மதிப்பெண். கால் மணி நேர வேலைக்குக் காலை எட்டிலிருந்து மூன்று மணிவரை உட்கார வைத்தது தனிக் கதை. செலவு, தடவைக்கு நான்கு ஜோடி பேண்ட் சட்டை தைத்த கூலி.

என் குறை வேறு. ஒப்புதல் படிவத்தை, கண்ணை விரிக்கும் சொட்டு விட்ட பிறகு நீட்டினார்கள். எழுத்தெல்லாம் ஒரே புகை. மகள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வீட்டில் நகலைப் படித்தால், இருட்டில் பார்வை குறையலாம், பக்கப் பார்வை சுருங்கலாம் என்று நான்காவது வரியில் இருக்கிறது. அப்படியே நடந்தது. ஆறரைக்கு மேல் மொபெட் எடுப்பதை விட்டுவிட்டேன். வலப்பக்கம் வருகிற ஆள் திடீரென்று முளைக்கிறார். முன்பே தெரிந்திருந்தாலும் லேசர் வைத்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனாலும் கண் தெரிகிறபோது ஒரு வார்த்தை வாயால் சொல்லக் கூடாதா?

இடக்கண்ணில் விழித்திரையின் நடுவில் வீக்கம் இருப்பதால் அதற்கு ஊசி போடுகிறார்கள். அதைப் பற்றி எழுத இன்னும் காலம் ஆகவில்லை.

லேசருக்கு ஐந்துக்கு நான்கு. போகிறவர்கள் துணைக்கு ஆளும் கறுப்புக் கண்ணாடியும் கொண்டுபோங்கள், படிவத்தைச் சொட்டுக்கு முன்னால் கேட்டு வாங்கிப் படியுங்கள். நான் இப்போது கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும் வேலை வந்தால் மதியத்துக்குள் முடித்துவிடுகிறேன்.